வேப் ஏன் சூடாகுது, ஏன் லீக் ஆகுது, எப்போ வெடிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேப்னா பேட்டரில லிக்விட்ட சூடாக்கி ஆவியா இழுக்கற இ-சிகரெட். நான் பேட்டரி பேக் கட்டற, ரிப்பேர் பாக்கற வேலைல இருக்கேன். அதனால வேப் வச்சிருக்கற பசங்களும், அவங்களவிட அதிகமா அவங்க அம்மா அக்காமாரும், சந்தேகம்னா என்கிட்ட வந்துடறாங்க. உடம்புக்கு நல்லதா கெட்டதாங்கற பஞ்சாயத்து இங்க இல்ல, அத டாக்டர்கிட்ட கேளுங்க. இது முழுக்க அந்த மெஷினப் பத்தி, அதுல என்ன கெட்டுப்போகும், கெட்டா என்ன ஆகும்ங்கறதப் பத்தி.

வேப் நெஜமாவே வெடிக்குமா, இல்ல வாட்ஸ்அப் வதந்தியா?

வெடிக்கும். அமெரிக்காவோட தீயணைப்பு நிர்வாகம் 2017ல ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, 2009ல இருந்து 2016 வரைக்கும் பத்திரிகைல வந்த சம்பவங்கள மட்டும் தேடி எடுத்து எண்ணினதுல 195 தீ விபத்து, வெடிப்பு. அதுல 133 பேருக்கு காயம், 38 பேருக்கு பலத்த காயம். எங்க வச்சு நடந்துச்சுன்னு பிரிச்சிருக்காங்க பாருங்க, அதுதான் முக்கியம்: பாக்கெட்ல இருக்கும்போது 61, வாய்ல வச்சு இழுக்கும்போது 60, சார்ஜ் போட்டிருக்கும்போது 48.

இது பேப்பர்ல வந்த கணக்கு தான். ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வந்தவங்கள வச்சு இன்னொரு ஆய்வு கணக்கு போட்டப்போ 2015ல இருந்து 2017க்குள்ள மட்டும் அமெரிக்கால 2,035 பேர் தீக்காயம், வெடிப்புக் காயத்தோட வந்திருப்பாங்கன்னு தெரிஞ்சுது. கோடிக்கணக்குல மெஷின் ஓடுது, அதுல இது கம்மி தான், ஒத்துக்கறேன். ஆனா கம்மிங்கறதும் நமக்கு நடக்காதுங்கறதும் ஒண்ணு இல்லயே.

சாவும் நடந்திருக்கு. 2018 மே மாசம் ஃப்ளோரிடால செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல 38 வயசு ஆள், வேப் வெடிச்சு அதோட துண்டு தலைக்குள்ள போயிடுச்சு. 2019 ஜனவரில டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்ல 24 வயசுப் பையன், உலோகத் துண்டு கழுத்து ரத்தக்குழாய அறுத்துடுச்சு.

உள்ள எது வெடிக்குது? அந்த லிக்விடா?

லிக்விட் இல்ல. அந்த ஜூஸ் புரோப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின், ஃப்ளேவர், நிக்கோடின், அவ்வளவுதான், அது டப்புனு வெடிக்கற சமாச்சாரம் கிடையாது. வெடிக்கறது பேட்டரி செல்லு.

லித்தியம் அயான் செல்லுக்குள்ள ரெண்டு தகடுக்கு நடுவுல சன்னமா ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், சுத்தி எரியற கெமிக்கல். ஷார்ட் ஆகியோ, ஓவர்சார்ஜ் ஆகியோ, கீழ விழுந்து நசுங்கியோ உள்ள சூடு ஏறிச்சுன்னா, ஏறக்குறைய 130 டிகிரில அந்தத் தாள் உருக ஆரம்பிக்கும், தகடும் தகடும் தொட்டுக்கும், சூடு இன்னும் ஏறும், அந்தச் சூட்டுல கெமிக்கல் பிரிஞ்சு கேஸ் வரும், கேஸ் அழுத்தம் ஏறும், அப்புறம் அது தானா நிக்காது. சார்ஜர கழட்டினாலும் நிக்காது. தெர்மல் ரன்அவேனு சொல்றது இதத்தான். பல தடவ புஸ்ஸுனு சத்தம், வெள்ளப் புகை, அடுத்த செகண்டே நெருப்பு, அவ்வளவு தான் டைம் கிடைக்கும்.

போன்லயும் இதே லித்தியம் தானே, அது ஏன் இப்படி வெடிக்கறதில்ல?

போன் பேட்டரியும் எரியும், ஆனா அது தட்டையான பொட்டலம், வீங்கும், கிழியும், எரியும். வேப்ல நிறைய மாடல்ல உருளையான செல்ல இரும்புக் குழாய்க்குள்ள போட்டு ரெண்டு பக்கமும் மறை போட்டு இறுக்கியிருக்காங்க. கேஸ் வெளிய போக வழி இல்லன்னா குழாயோட வலு கொறைஞ்ச முனை எதுவோ அது பிய்ச்சுக்கிட்டு போகும், ராக்கெட் கிளம்பற மாதிரி. அந்த முனை உங்க வாய்ப் பக்கம் இருக்கு. பல்லு உடையறது, தாடை உடையறதுன்னு கேஸ் வர்றதுக்கு இதான் காரணம். 2018ல நெவாடால 17 வயசுப் பையனுக்கு தாடை எலும்பே நொறுங்கி, அத டாக்டருங்க மருத்துவ ஜர்னல்ல படத்தோட எழுதினாங்க.

மெக்கானிக்கல் மாட் வாங்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான், புகை அள்ளுமாம்?

வேண்டாம், என் கருத்து அவ்வளவு தான். காரணம் சொல்றேன். மாட்னா பாகங்கள மாத்திப் போட்டுக்கற பெரிய வேப். மெக்கானிக்கல் மாட்ல சர்க்யூட்டே கிடையாது, செல்லு, சுவிட்சு, காயில் (லிக்விட்ட சூடாக்கற கம்பிச் சுருள்), மூணும் நேரா கனெக்ட் ஆகியிருக்கும், நடுவுல நிறுத்தறதுக்கு ஆள் இல்ல. மேல சொன்ன ஃப்ளோரிடா கேஸ்லயும் இருந்தது இந்த வகை தான்.

பத்தாங்கிளாஸ்ல படிச்ச ஓம் விதி போதும். ஃபுல் சார்ஜ்ல செல்லு 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம்னா 8.4 ஆம்ப் ஓடும், நல்ல செல்லு தாங்கும். புகை வேணும்னு 0.2 ஓம்ல கட்டினா 21 ஆம்ப். நல்ல கம்பெனியோட 20 ஆம்ப் செல்லே அங்க லிமிட்ட தாண்டிடுச்சு, உங்க கைல இருக்கறது டார்ச் லைட்டுக்கு வர்ற சாதா செல்லுன்னா கேக்கவே வேண்டாம். இதுல காயில் கம்பி லேசா சாஞ்சு பக்கத்துல தொட்டா ஓம் இன்னும் இறங்கும், மீட்டர் வச்சுப் பாக்காம யாருக்கும் தெரியாது. இன்னொரு வில்லங்கம், ஹைப்ரிட்னு சொல்ற டைப்ல டேங்க்கோட (காயிலும் லிக்விட்டும் இருக்கற மேல் பாகம்) அடி முள்ளு நேரா செல்லோட பாசிட்டிவ்ல உக்காரும். அந்த முள்ளு போதுமான அளவு வெளிய நீட்டிக்கிட்டு இல்லன்னா சுத்தி இருக்கற மறையே செல்லு தலைய தொட்டு டைரக்ட் ஷார்ட், சுவிட்ச அமுக்கின அந்த நிமிஷமே.

சர்க்யூட் இருக்கற ரெகுலேட்டட் மாட்ல ஷார்ட் ஆனா கட் பண்ணும், ஓம் கொறஞ்சா எரர் காட்டும், எட்டு பத்து செகண்டுக்கு மேல பட்டன அமுக்கினா நிறுத்திடும். அதுவும் கெட்டுப்போகும் தான், ஆனா காவலுக்கு ஒருத்தன் இருக்கானே.

பாக்கெட்ல சும்மா வச்சிருந்தா எப்படி வெடிக்கும்? யூஸே பண்ணலயே?

எல்லாரும் கோட்ட விடற இடம் இதான், பாக்கெட்ல 61 சம்பவம்னு மேலயே பாத்தோம்ல. 18650 செல்லுன்னா 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், லேப்டாப் பேட்டரிக்குள்ள இருக்குமே அதே தான். நிறைய பேர் நெனைக்கறது மேல முனை பாசிட்டிவ், அடில நெகட்டிவ்னு. அப்படி இல்ல, அடில மட்டும் இல்லாம அந்த டப்பாவோட உடம்பு முழுக்க, மேல தோள்பட்டை வரைக்கும் நெகட்டிவ். பாசிட்டிவ் மூடிக்கும் நெகட்டிவ் உடம்புக்கும் நடுவுல மேல இருக்கறது ஒரு சின்ன வளையமும் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உறையும் தான். அந்த உறை ஓரத்துல கிழிஞ்சிருந்து, ஸ்பேர் செல்ல பாக்கெட்ல சாவி கூடவோ சில்லறை கூடவோ போட்டா ஒரு ரூபா காயின் போதும் ரெண்டையும் இணைக்க. 2016 நவம்பர்ல நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்ல கடைல நின்னுக்கிட்டு இருந்த ஆளோட பாக்கெட்ல இருந்து தீப்பொறி கொட்டற சிசிடிவி வீடியோ உலகம் பூரா சுத்துச்சு, நிறைய பேர் பாத்திருப்பீங்க.

ஸ்பேர் செல்லுக்கு பிளாஸ்டிக் டப்பா கிடைக்குது, காசும் பெருசா ஆகாது. உறை கிழிஞ்சா புது உறை போட்டு ஹீட் காத்து அடிச்சா சுருங்கி ஒட்டிக்கும், செல்போன் கடைல பேட்டரி பேக் கட்றவங்ககிட்ட இருக்கும். உடம்பு நசுங்கின செல்லுக்கு மட்டும் எந்த வைத்தியமும் கிடையாது, தூக்கிடுங்க.

இன்னொண்ணு, எல்ஜி, சாம்சங் மாதிரி கம்பெனி செல்லு எல்லாம் பேட்டரி பேக்குக்குள்ள பாதுகாப்பு சர்க்யூட்டோட போடறதுக்குன்னு தான் தயாரிக்கறாங்க. தனித்தனியா கைல வச்சு மாத்தற வேலைக்கு இது இல்ல, வேப்ல போடாதீங்கன்னு எல்ஜி வெளிப்படையாவே எழுதியிருக்கு. கேக்கறது யாரு.

9900 எம்ஏஹெச்னு போட்டிருக்கு, நல்ல பேட்டரி தானே?

டூப்ளிகேட். 18650 சைஸ்ல உலகத்துல நல்ல செல்லே பெரும்பாலும் 3500, 3600 பக்கத்துல தான் நிக்குது. அந்த நம்பர பாத்தாலே கடைய விட்டு வெளிய வந்துடுங்க. ரொம்ப லேசா இருக்கற செல்லயும் நம்பாதீங்க. நல்லது ஏறக்குறைய 45 கிராம் கனம் இருக்கும். பழைய லேப்டாப்ல இருந்து கழட்டி புது உறை போட்டு விக்கறதும் நடக்குது, நம்ம லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ரெண்டு செல்லு போடற மாட்னா ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வாங்கினது, ஒண்ணாவே சார்ஜ் போட்டதா இருக்கணும், புதுசையும் பழசையும் கலந்தா பழசு முதல்ல காலி ஆகி அதுமேல தப்பான பக்கம் கரண்ட் ஏறும்.

போன் ஃபாஸ்ட் சார்ஜர்ல போடலாமா? நைட்டு பூரா விடலாமா?

65 வாட் சார்ஜர்ல போட்டா 65 வாட்டும் உள்ள போயிடும்னு ஒரு பயம் இருக்கு, அப்படி இல்ல. எவ்வளவு கரண்ட் இழுக்கணும்ங்கறத வேப்புக்குள்ள இருக்கற சார்ஜிங் ஐசி (சின்ன சிப்) தான் முடிவு பண்ணும். பிரச்சன என்னன்னா அந்த ஐசி சில ரூபா சமாச்சாரம், சீப்பான மெஷின்ல அது கெட்டா 4.2 வோல்ட்ல நிறுத்தறதுக்கு வேற யாரும் இல்ல. அதனால பவர் கம்மியான சாதா 5 வோல்ட் 1 ஆம்ப் சார்ஜர் நல்லது, கெட்டாலும் சேதம் கம்மி. ரோட்டோரத்துல வாங்கின சார்ஜர்ல போடாதீங்க, அதுல வர்ற 5 வோல்ட்டே நெஜமா 5 வோல்ட்டானு சொல்ல முடியாது.

ரெண்டு முனையும் டைப் சியா இருக்கற சி டு சி கேபிள் போட்டா சார்ஜே ஏறல, மெஷின் போச்சுன்னு தூக்கிட்டு வர்றாங்க. போகல. சின்னதா ரெண்டு ரெசிஸ்டர் வைக்காம காசு மிச்சம் பண்ணியிருப்பான், அதனால சார்ஜருக்கு ஆள் கனெக்ட் ஆகியிருக்கறதே தெரியாது. பழைய யூஎஸ்பி ஏ கேபிள் போடுங்க, ஏறிடும்.

நைட்டு விடாதீங்க, தலகாணி மேல மெத்தை மேல வச்சு சார்ஜ் போடாதீங்க. தரைல, டைல்ஸ் மேல, பக்கத்துல துணி இல்லாம, நீங்க முழிச்சிருக்கும்போது.

நான் இழுக்கவே இல்ல, தானா லைட் எரியுது, சூடாகுது. பேயா?

ஆட்டோ ஃபயர். பட்டன் இல்லாத டிஸ்போசபிள் (தீந்ததும் தூக்கிப்போடறது), பாட் (கழட்டி மாட்டற லிக்விட் டப்பா) வச்ச வேப் இதுலயெல்லாம் இழுக்கற காத்த கண்டுபிடிக்க உள்ள ஒரு சென்சார் இருக்கும், சின்ன மைக் மாதிரி, உள்ள காத்தழுத்தம் கொறஞ்சா காயில ஆன் பண்ணும். லிக்விட் கசிஞ்சு அந்த சென்சார் மேல படிஞ்சா யாரோ இழுத்துக்கிட்டே இருக்காங்கன்னு அது நெனச்சுக்கும். நல்ல மெஷின்னா கொஞ்ச செகண்ட்ல கட் ஆகும், சிலது திரும்பத் திரும்ப ஆன் ஆகும், சிலது கட்டே ஆகாது. பாட் கழட்ற மாதிரி இருந்தா உடனே கழட்டி, உள்ள காஞ்ச துணியால தொடைச்சு, தனியா வச்சு காய விடுங்க. கழட்ட முடியாத டிஸ்போசபிள்னா அத பாக்கெட்லயோ தலமாட்டுலயோ வைக்காதீங்க, வீட்டுக்கு வெளிய சிமெண்ட் தரைல வச்சுட்டு தள்ளி இருங்க. ஒரு தடவ தானா ஆன் ஆனது மறுபடியும் ஆகும்.

பெரிய கம்பெனிக்காரனுக்கும் கோளாறு வரும். 2018 ஏப்ரல்ல அமெரிக்கால ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் வேப்பர் கம்பெனி தன்னோட வ்யூஸ் வைப் மாடல்ல 26 லட்சம் யூனிட்ட திரும்ப எடுத்துக்கிச்சு, பேட்டரி கோளாறு, ஓவர்ஹீட்டுன்னு பத்து கம்ப்ளைண்ட் வந்ததுக்கு. பத்துக்கு 26 லட்சம்! கம்ப்ளைண்ட் பண்ண ஒரு இடம் இருக்கற ஊர்ல நடக்கறது அது, நம்ம ஊர் கதைக்கு கீழ வர்றேன்.

கொளகொளனு சத்தம், வாய்ல சூடா லிக்விட் தெறிக்குது?

காயில்ல லிக்விட் அதிகமா தேங்கியிருக்கு. கழட்டி டிஷ்யூவ சுத்தி ரெண்டு உதறு உதறுங்க, ரப்பர் வளையம் பிஞ்சிருந்தா மாத்துங்க. வெயில்ல கார்ல வச்சாலும், ஃப்ளைட் மேல ஏறும்போதும் பாட் உள்ள இருக்கற காத்து விரிஞ்சு லிக்விட்ட வெளிய தள்ளும், அது கோளாறு இல்ல. கையில பட்டா கழுவிடணும், நிக்கோடின் தோல் வழியாவும் உள்ள போகும்.

கருகின வாசம் வருது, இன்னும் கொஞ்சம் ஜூஸ் இருக்கேனு இழுக்கலாமா?

இழுக்காதீங்க. லிக்விட்ட உறிஞ்சி காயிலுக்குக் குடுக்கற பஞ்சு காஞ்சு போய் காயில் சூடு தாறுமாறா ஏறியிருக்கு, லிக்விட் ஆவியாகறதுக்கு பதிலா கருகி ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி விஷ ஆவி எல்லாம் வரும். 2015ல போர்ட்லேண்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க டெஸ்ட் பண்ணப்போ 3.3 வோல்ட்ல ஃபார்மால்டிஹைடு சமாச்சாரம் ஒண்ணும் தென்படல, 5 வோல்ட்ல எக்கச்சக்கமா வந்துச்சு. உடனே எதிர்ப்பும் வந்துச்சு, அந்த அளவு கருகினத மனுஷன் எவனும் இழுக்க மாட்டான், தொண்டை எரிஞ்சு கீழ வச்சுடுவான்னு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா காசு குடுத்து வாங்கினத வீணாக்கக் கூடாதுன்னு கடைசி சொட்டு வரைக்கும் இழுக்கற நம்ம பசங்கள அவங்க பாக்கல.

காயில்ல இருந்து உலோகம் கலக்குமாமே?

கலக்குது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி 2018ல 56 பேரோட சொந்த மெஷின வாங்கி டெஸ்ட் பண்ணுச்சு. பாட்டில்ல இருந்த லிக்விட்ல கம்மியா இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் டேங்குக்குள்ள போய் காயில தொட்ட பிறகு எகிறியிருந்துச்சு, அப்போ வர்றது மெஷின்ல இருந்து தான். 2025ல கலிஃபோர்னியா டேவிஸ் யுனிவர்சிட்டி டிஸ்போசபிள டெஸ்ட் பண்ணப்போ சில மாடல்ல ஈயம் கலந்த செம்பு பார்ட்ட போட்டு, யூஸ் பண்ணாம சும்மா வச்சிருக்கும்போதே ஈயம் லிக்விட்ல ஊறியிருந்துச்சு. இத கண்ணால பாத்தோ டேஸ்ட்டு வச்சோ கண்டுபிடிக்க முடியாது.

2019ல அமெரிக்கால நுரையீரல் போய் ஆள் செத்தாங்களே, அது?

அது மெஷின் கோளாறு இல்ல, சரக்கு கோளாறு. 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 கேஸ், 68 சாவு. பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் கேட்ரிட்ஜ், அத கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிடேட் கலந்திருக்காங்க. டெஸ்ட் பண்ண 51 பேர்ல 48 பேர் நுரையீரல் திரவத்துல அது இருந்துச்சு.

புகை வர ஆரம்பிச்சா என்ன பண்ணணும்?

கைல பிடிக்காதீங்க, தூக்கி தரைல தள்ளுங்க, ஆள விலக்குங்க, அந்தப் புகைய சுவாசிக்காதீங்க, அதுல ஹைட்ரஜன் ஃப்ளோரைடுங்கற விஷ வாயு இருக்கும். லித்தியம்ல தண்ணி பட்டா வெடிக்கும்னு ஸ்கூல்ல படிச்சத வச்சு தண்ணி ஊத்த பயப்படறாங்க. அது லித்தியம் உலோகம். இந்த செல்லு வேற, இதுக்கு தண்ணி தாராளமா ஊத்தலாம், ஊத்தியே ஆகணும், ஏன்னா நெருப்பு அணைஞ்சாலும் உள்ள சூடு இருந்தா மறுபடி பத்திக்கும். அமெரிக்க விமான நிர்வாகமும் கேபின் ஆளுங்களுக்கு தண்ணி ஊத்தி குளிர வைக்க சொல்லுது, ஐஸ் வைக்க வேண்டாம்ங்குது, ஐஸ் மூடிக்கிட்டா சூடு வெளிய போகாது. கரண்ட்ல சொருகியிருந்தா முதல்ல மெயின் சுவிட்ச்.

தோல்ல பட்டுச்சுன்னா துணிய உடனே கழட்டுங்க, ஒட்டிக்கிட்டத பிய்க்காதீங்க, ஓடற தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, மஞ்சள், பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீங்க. ஆஸ்பத்திரில போய் "தீக்காயம்"னு மட்டும் சொல்லாம "பேட்டரி வெடிச்ச காயம்"னு சொல்லுங்க, ஏன்னா இதுல சூட்டோட சேந்து காரக் கெமிக்கல் காயமும் இருக்கும். சியாட்டில்ல ஒரே ஆஸ்பத்திரிக்கு 2015 அக்டோபர்ல இருந்து 2016 ஜூனுக்குள்ள 15 பேர் இப்படி வந்தாங்க. அதுல மூணுல ஒருத்தருக்கு கெமிக்கல் காயமும் இருந்துச்சு. தொடைலயும் கைலயும் தான் நிறைய பேருக்கு, பாக்கெட்டும் கையும் தானே.

குழந்தை அந்த லிக்விட்ட நக்கிடுச்சு!

படிக்கறத நிறுத்திட்டு 108க்கு போன் போடுங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலையும் கூட எடுத்துட்டுப் போங்க. 5 சதவீதம்னு போட்ட 2 மில்லி பாட்ல ஏறக்குறைய 100 மில்லிகிராம் நிக்கோடின் இருக்கு. அமெரிக்கால 2014ல ஒரு வயசுக் குழந்தை இறந்துபோய், அதுக்கப்புறம் தான் பாட்டிலுக்கு குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயம்னு சட்டமே வந்துச்சு.

ஃப்ளைட்ல கொண்டு வரலாமா?

2015ல இருந்து உலக அளவுல விதி என்னன்னா செக்இன் பேக்ல கூடாது, கூடவே கேபின்ல வச்சிருக்கணும், ஃப்ளைட்ல சார்ஜ் போடக் கூடாது. காரணம் சரக்கு அறைல பத்திக்கிட்டா பாக்க ஆள் இல்ல. ஆனா எங்க இறங்கப் போறீங்கன்னு பாருங்க. சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரில இருந்து கைல வச்சிருந்தாலே குற்றம். இந்தியாவுக்குள்ள கொண்டு வர்றது 2019 சட்டப்படி இறக்குமதி, அதுவும் குத்தம் தான்.

நம்ம ஊர்ல வாங்கினது கெட்டுப்போச்சு, யார்கிட்ட கம்ப்ளைண்ட் பண்றது?

யார்கிட்டயும் இல்ல, இதான் எனக்கு இதுல பெரிய பிரச்சனையா தெரியுது. தமிழ்நாட்ல 2018லயே தடை, 2019ல மத்திய சட்டம், தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குத்தம், முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும், ஸ்டாக் வச்சிருந்தா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 50,000 ரூபா வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும். தடை சரியா தப்பாங்கறது வேற பேச்சு. ஆனா தடை பண்ணின பொருள் டீக்கடைக்குப் பின்னாடி விக்கும்போது அதுக்கு பில்லு இல்ல, வாரண்டி இல்ல, எலக்ட்ரிக்கல் ஸ்டாண்டர்ட் இல்ல, ரீகால் இல்ல. பிரிட்டன்ல டேங்க் 2 மில்லி, நிக்கோடின் மில்லிக்கு 20 மில்லிகிராம்னு லிமிட் இருக்கு, கோளாறுன்னா அரசாங்கத்துக்கு எழுதிப் போட ஒரு வழி இருக்கு. அமெரிக்கால யூஎல் 8139னு பேட்டரி, சர்க்யூட், சார்ஜிங்க டெஸ்ட் பண்ற ஸ்டாண்டர்ட் இருக்கு. இங்க கைக்கு வர்றதுல பெட்டி மேல என்ன சீல் இருந்தாலும் அது வெறும் பிரிண்ட்டு தான்னு வச்சுக்கங்க.

காலியான டிஸ்போசபிள எங்க போடறது?

குப்பைத்தொட்டில போடாதீங்க. ஒரு தடவ யூஸ் பண்ணி தூக்கிப்போட சொல்ற மெஷினுக்குள்ள இருக்கறது பல நூறு தடவ சார்ஜ் ஆகக் கூடிய செல்லு தான், காலின்னு நெனைக்கும்போதும் அதுல கரண்ட் மிச்சம் இருக்கும், குப்பை லாரி நசுக்கும்போது பத்திக்கும். பிரிட்டன்ல 2023ல வாரத்துக்கு 50 லட்சம் டிஸ்போசபிள் வேப்ப தூக்கிப்போட்டுக்கிட்டு இருந்தாங்க, குப்பை லாரிலயும் கிடங்குலயும் பேட்டரித் தீ வருஷத்துக்கு ஆயிரத்த தாண்டிச்சு, 2025 ஜூன் 1ல இருந்து விற்பனையே தடை.

இங்க 2022 பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரிய திரும்ப எடுத்துக்கறது தயாரிப்பாளர் பொறுப்பு, இதுக்கு தயாரிப்பாளர்னு சொல்லிக்க யாரும் இல்லயே. அதனால ஈ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட மத்த பேட்டரியோட சேத்துக் குடுங்க. உறிச்சு செல்ல வெளிய எடுக்காதீங்க, கத்தி உள்ள இறங்கிடும். வெளிய தெரியற முனைங்க இருந்தா இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. வீங்கினது, நசுங்கினதுன்னா குடுக்கற வரைக்கும் ஒரு தகர டப்பால மணல் போட்டு அதுக்குள்ள வச்சு, மூடிய இறுக்காம, மாடிலயோ பால்கனிலயோ வெயில் படாத இடத்துல வைங்க.